வீட்டு ரவுட்டருக்குள் என்ன ஓடுகிறது? தனியுரிமையும் திறமூல உரிமமும்: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குள் வரும் இணையம் முழுவதும் ஒரே ஒரு பெட்டி வழியாகத்தான் போய் வருகிறது. கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்தாலும், பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தாலும், டிவியில் படம் ஓடினாலும் எல்லாம் அதன் வழிதான். அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். கைபேசியில் எந்த ஆப்புக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கப் பழகிவிட்டோம். ரவுட்டரை மட்டும், இணைப்பு கொடுக்க வந்தவர் மாட்டிவிட்டுப் போன நிலையிலேயே வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சேர்த்தே பார்க்கப் போகிறோம். ரவுட்டர் நம்மைப் பற்றி என்ன தெரிந்துவைத்திருக்கிறது, யாருக்கு அனுப்புகிறது என்பது ஒன்று. அதற்குள் இருக்கும் லினக்ஸ் இயங்குதளம் முதலான திறமூல (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடப்பட்ட) மென்பொருள்களின் உரிமம் நமக்கு என்ன தருகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாதவரை, நிறுவனம் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பார்க்கவும் மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று, லினக்ஸ் போன்றவற்றோடு வரும் ஜிபிஎல் என்ற பொது உரிமம் எழுதியே கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை வீட்டில் இருந்தபடியே எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் கொஞ்சம் வரலாறு

2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நீலமும் கறுப்புமான உடல், பின்னால் இரண்டு ஆண்டெனா. 2003-இல் நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ, லிங்க்ஸிஸை வாங்கியது. அதே ஆண்டு ஜூனில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர், இந்த ரவுட்டரின் ஃபர்ம்வேருக்குள் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது, ஆனால் மூலநிரலை (நிரலாளர் எழுதிய, படிக்கக்கூடிய வடிவத்தை) கொடுக்காமலே விற்கிறார்கள் என்று கெர்னல் நிரலாளர்களுக்கு எழுதினார். கிளறிப் பார்த்தால் சங்கிலி நீண்டுகொண்டே போனது. பெட்டியில் இருப்பது லிங்க்ஸிஸின் பெயர், உள்ளே இருப்பது பிராட்காமின் சிப், ஃபர்ம்வேரைத் தயாரித்தது தைவானின் சைபர்டான். பெயர் போட்டு விற்றவருக்கே உள்ளே என்ன உரிமம் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாமல் போகும் அளவுக்கு நீளம். இன்றைக்கும் பெரும்பாலான ரவுட்டர்கள் இப்படித்தான் உருவாகின்றன.

அழுத்தம் கூடியதும் அந்த ஆண்டே மூலநிரல் வெளியே வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் ஃபர்ம்வேர் திட்டம் தொடங்கியது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ ஆகியவையும் அதே வேரில் முளைத்தவைதான். 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பு டபிள்யூஆர்டி54ஜி-யில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தைப் போட்டு, நினைவகத்தையும் பாதியாக்கினார்கள். லினக்ஸ் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று ஒன்றைத் தனியாக விற்றார்கள். வேறு லிங்க்ஸிஸ் சாதனங்களிலும் உரிமச் சிக்கல் தொடர்ந்ததால் 2008 டிசம்பரில் ஜிபிஎல் உரிமத்தை வெளியிடும் அமைப்பான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிம விதிகளைக் கவனிக்கவே ஓர் அதிகாரியை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

சரி, இனி உங்கள் ரவுட்டருக்கு வருவோம்.

படி 1: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, ஹார்டுவேர் பதிப்பும் வேண்டும். 'வெர்' என்று குறிப்பிட்டுப் பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 என்ற ஒரே பெயரில் இரண்டாம் பதிப்பில் குவால்காம் சிப், மூன்றாம் பதிப்பில் மீடியாடெக் சிப். ஒன்றுக்கான ஃபர்ம்வேரை மற்றதில் ஏற்றினால் பெட்டி எழுந்திருக்காது.

அடுத்து, அது யாருடைய பெட்டி என்று பாருங்கள். கடையில் வாங்கியதா, இணைப்பு நிறுவனம் கொடுத்ததா? ஃபைபர் கம்பி நேரடியாகச் சொருகப்பட்டிருந்தால் அது ஓஎன்டி, அதாவது ஃபைபரில் வருவதை வீட்டு நெட்வொர்க்குக்கு மாற்றும் பெட்டி. அதன் ஃபர்ம்வேர் பெரும்பாலும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். அதில் கைவைக்காமல், அதற்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதுதான் நல்லது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) நுழைந்து ஃபர்ம்வேர் பதிப்பையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி மூன்று நான்கு வருடம் பழையது என்றால் அதுவே எச்சரிக்கை. 2020-இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் எஃப்கேஐஇ ஆய்வகம் 127 வீட்டு ரவுட்டர்களின் ஃபர்ம்வேரைப் பரிசோதித்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் 46 ரவுட்டர்களுக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வரவில்லை. ஏறத்தாழ 90 சதவீதம் லினக்ஸில் ஓடின. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 2.6.36 அல்லது அதற்கும் பழைய கெர்னல். வெளியே லினக்ஸில் அடைக்கப்பட்ட ஓட்டைகள் பெட்டிக்குள் திறந்தே இருந்தன.

படி 2: ரவுட்டருக்கு என்னவெல்லாம் தெரியும்

நிர்வாகப் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். கைபேசி, மடிக்கணினி, டிவி, கேமரா ஒவ்வொன்றும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லித்தான் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்கான எண்) வாங்குகிறது. அந்தப் பெயரில் பல சமயம் வீட்டு ஆட்களின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மேக் முகவரி என்ற சாதன அடையாள எண்ணின் முதல் பாதியை வைத்துப் பல சாதனங்களைத் தயாரித்த நிறுவனத்தையே சொல்லிவிடலாம். யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், எப்போது தூங்கப் போனார் என்பதைக்கூட அந்தந்தக் கைபேசி வைஃபையில் சேர்ந்த நேரத்திலிருந்து ஊகிக்கலாம்.

இணையப் பக்கங்களின் உள்ளடக்கம் இப்போது பெரும்பாலும் மறையாக்கத்தில்தான், அதாவது இடையில் உள்ளவர் படிக்க முடியாத வடிவில்தான், போகிறது. வங்கி பாஸ்வேர்டை ரவுட்டரால் படிக்க முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது டிஎன்எஸ் கேள்வியிலும் (தளப்பெயருக்கு உரிய ஐபி முகவரியை விசாரிப்பது), இணைப்பின் தொடக்கத்தில் போகும் தளப்பெயரிலும் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கும். ஒரு மருத்துவமனையின் தளத்தையோ கடன் செயலியையோ நள்ளிரவில் யார் திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, உள்ளடக்கத்தைப் படிக்கவே வேண்டியதில்லை.

ரவுட்டர் இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது தவறில்லை, தெரியாமல் வேலை செய்யவே முடியாது. பெட்டியை விட்டு வெளியே போகிறதா என்பதுதான் கேள்வி. 2012 ஜூனில் சிஸ்கோ, லிங்க்ஸிஸ் இஏ வரிசை ரவுட்டர்களுக்குத் தானாக இறங்கும் அப்டேட் ஒன்றை அனுப்பியது. விடிந்து பார்த்தால் ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறக்க சிஸ்கோவின் கிளவுடில் கணக்கு வேண்டும் என்றது. அதன் தனியுரிமைக் குறிப்பில், நெட்வொர்க் போக்குவரத்தையும் இணைய வரலாற்றையும் பதிவுசெய்யக்கூடும் என்ற வரி இருந்தது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களிலேயே அந்த வரி நீக்கப்பட்டது, பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் வழி கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டிய ஒரு பொருளின் நிபந்தனைகளை ஒரே இரவில் மாற்ற முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

2017-இல் நெட்கியர், சில ரவுட்டர்களின் அப்டேட்டில் ஐபி முகவரி, மேக் முகவரி, இணைந்துள்ள சாதனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் திரட்டும் வசதியைச் சேர்த்தது. அணைக்கும் வசதி இருந்தது, ஆனால் வாங்கியவர் தேடிப்போய்த்தான் அணைக்க வேண்டியிருந்தது.

படி 3: இருக்கும் ஃபர்ம்வேரிலேயே அணைக்க வேண்டியவை

மாற்று ஃபர்ம்வேர் போடும் எண்ணமே இல்லாவிட்டாலும் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் நிர்வாகி பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. 2017 ஜூலையில் இந்தியாவில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்களை மால்வேர் ஒன்று முடக்கியது. தயாரிப்பிலேயே வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடங்கள்தான் மாட்டின.

அடுத்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ் (பட்டனையோ சிறு எண்ணையோ வைத்து வைஃபையில் சேரும் வசதி), யுபிஎன்பி (சாதனங்கள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) மூன்றையும் அணையுங்கள். யுபிஎன்பியை அணைத்தால் சில கன்சோல் விளையாட்டுகளுக்குச் சிரமம் வரலாம். வந்தால் அதற்கு மட்டும் போர்ட்டை (வெளியிலிருந்து வருவதற்கான எண்ணிட்ட வழியை) திறந்துகொள்ளலாம்.

நிறுவனத்தின் கிளவுட் கணக்கு, கைபேசி ஆப், 'அனுபவத்தை மேம்படுத்தும் திட்டம்', பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் வரும் போக்குவரத்து ஆய்வு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பெற்றோர் கட்டுப்பாடு, வைரஸ் தடுப்பு என்று வரும் பல வசதிகள், போகும் தளங்களின் முகவரியை வேறொரு பாதுகாப்பு நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துத்தான் வேலை செய்கின்றன. ஆன் செய்யும்போது வரும் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும். வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். தெரியாமல் 'சரி' அழுத்திவிடக் கூடாது.

டிஆர்-069 என்ற செட்டிங் இருந்தால் அதையும் பாருங்கள். இணைப்பு நிறுவனம் தொலைவிலிருந்தே ரவுட்டரை நிர்வகிக்கும் வழி அது. செட்டிங்ஸை மாற்றலாம், ஃபர்ம்வேரையே ஏற்றலாம். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு போனது, இந்த நிர்வாகத்துக்கான 7547 போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலில்தான். கடையில் வாங்கிய ரவுட்டர் என்றால் தயங்காமல் அணைத்துவிடுங்கள். நிறுவனம் கொடுத்த ஓஎன்டியில் பெரும்பாலும் உங்களால் அணைக்க முடியாது.

வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டு, அதையடுத்து 'நோமேப்' என்பதன் ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்தால், இருப்பிடம் கண்டறிய கூகுள் திரட்டும் வைஃபை பட்டியலிலிருந்து உங்கள் ரவுட்டர் விலக்கப்படும். 2024 முதல் ஆப்பிளும் இதை மதிக்கிறது. வீடு மாறினாலும் ரவுட்டரின் அடையாளத்தை வைத்துப் பின்தொடர முடியும் என்பதால், இந்தச் சின்ன மாற்றத்துக்கு மதிப்பு அதிகம்.

படி 4: வெளியே போவதைக் கண்ணால் பார்ப்பது

செட்டிங்ஸில் அணைத்தது உண்மையிலேயே அணைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் சொருகும் துளை) உள்ள லினக்ஸ் கணினி வேண்டும். ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் சேர்த்துக்கொண்டாலும் போதும். ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை அந்தக் கணினியில் சொருகி, இணையத்தைப் பகிரும்படி வைத்து, இன்னொரு கேபிளை ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு (இணையம் உள்ளே வரும் துளைக்கு) கொடுங்கள். இப்போது ரவுட்டர் பேசுவதெல்லாம் கணினி வழியாகத்தான் போகும். கணினியில், நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து அந்தப் போர்ட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம்: ரவுட்டரிலிருந்து எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிடுங்கள். வைஃபையையும் அணையுங்கள். யாருமே இணையம் பயன்படுத்தாத ரவுட்டர் இரவு முழுக்க ஓடட்டும். காலையில் வயர்ஷார்க்கில் இருப்பதெல்லாம் ரவுட்டர் தன் சொந்த வேலைக்காகப் பேசியது.

வடிகட்டும் பெட்டியில் டிஎன்எஸ் என்று போட்டால், ரவுட்டர் எந்தெந்தப் பெயர்களை விசாரித்தது என்று வரிசையாக வரும். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வர் பெயர் இருக்கும், அது இயல்பு. அப்டேட் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தை ஒருமுறை கேட்டிருந்தால் அதுவும் புரிந்துகொள்ளக்கூடியதே. கிளவுட் வசதியை அணைத்த பிறகும் ஒரு சர்வரோடு மணிக்கணக்கில் இணைப்பு திறந்தே இருக்கிறதா, புள்ளிவிவரம் திரட்டுவதற்கான பெயர் போலத் தெரியும் முகவரிக்குச் சீரான இடைவெளியில் ஏதாவது போகிறதா என்று பாருங்கள். மறையாக்கம் இருப்பதால் என்ன போனது என்று படிக்க முடியாது. யாருக்கு, எத்தனை முறை, எவ்வளவு என்பது தெரியும். நிறுவனத்திடம் கேள்வி கேட்க அவ்வளவு போதும்.

ஓஎன்டியின் டிஆர்-069 பேச்சு ஃபைபர் பக்கமாகவே போவதால் இந்த முறையில் சிக்காது.

படி 5: உரிமத்தைப் படித்து மூலநிரலைக் கேட்பது

பெரும்பாலான ரவுட்டர்களில் லினக்ஸ் கெர்னல், பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு), ஐபிடேபிள்ஸ் (ஃபயர்வால் கருவி) மூன்றும் இருக்கும். மூன்றுமே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் உள்ளவை. 1991-இல் எழுதப்பட்ட அந்த உரிமம் விற்பவருக்குச் சொல்வது இதுதான்: இயங்கும் வடிவத்தைக் கொடுத்தால் மூலநிரலையும் கூடவே கொடு. இல்லையென்றால், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு யார் கேட்டாலும் தருகிறேன் என்று எழுத்தில் கொடு. அனுப்பும் செலவுக்கு மேல் காசு வாங்கக் கூடாது. மூலநிரல் என்பதில் தொகுப்பதையும் (இயங்கும் வடிவமாக மாற்றுவது) நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட்களும் அடக்கம். மீறினால் அந்த மென்பொருளைப் பரப்பும் உரிமையே போய்விடும்.

ரவுட்டர் பெட்டியில் வந்த துண்டுத்தாளில் ஜிபிஎல் பற்றி ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிர்வாகப் பக்கத்தில் உரிமங்கள் என்ற இணைப்பைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே மாடல்வாரியாக மூலநிரலை வைத்திருக்கின்றன. உங்கள் மாடலும் ஃபர்ம்வேர் பதிப்பும் அங்கே இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் இந்த அளவுக்கு விவரம் வேண்டும் (எல்ஜிபிஎல் என்பது ஜிபிஎல்லின் சற்றுத் தளர்வான வடிவம்), அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்:

"உங்கள் நிறுவனத்தின் இந்த மாடல் ரவுட்டரை, இந்த ஹார்டுவேர் பதிப்பில், இந்தத் தேதியில் வாங்கினேன். இதில் இந்தப் பதிப்பு ஃபர்ம்வேர் உள்ளது. இதில் ஜிபிஎல், எல்ஜிபிஎல் உரிமங்களில் உள்ள எல்லாப் பகுதிகளுக்கும், இதே பதிப்புக்குப் பொருந்தும் முழுமையான மூலநிரலையும், அதைத் தொகுக்கவும் ரவுட்டரில் நிறுவவும் வேண்டிய ஸ்கிரிப்ட்களையும் கோருகிறேன். அனுப்பும் செலவு ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்."

'சோர்ஸ் கோடு தாருங்கள்' என்று ஒரு வரியில் கேட்டால், லினக்ஸ் தளத்தின் முகவரியை அனுப்பி முடித்துவிடுவார்கள். 'இதே பதிப்புக்கு', 'நிறுவ வேண்டிய ஸ்கிரிப்ட்கள்' என்ற இரண்டும்தான் கடிதத்தின் உயிர். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கும், கோபப்படாமல் சட்டப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரைக் கொடுத்தது இணைப்பு நிறுவனம் என்றால் அவர்களிடமே கேட்கலாம். 2007 டிசம்பரில் பிஸிபாக்ஸ் நிரலாளர்கள் அமெரிக்காவின் வெரைசன் மீது வழக்குப் போட்டார்கள். ரவுட்டரைத் தயாரித்தது ஆக்ஷன்டெக், ஆனால் வாடிக்கையாளர் கையில் கொடுத்தது வெரைசன். பரப்புகிறவருக்கும் கடமை உண்டு என்பதுதான் வழக்கின் அடிப்படை. 2008 மார்ச்சில் சமரசம் ஆனது.

பதிலே வராவிட்டால், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு மீறல் புகார்களைப் பெறுகிறது. உரிமத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது பொதுவாக நிரலை எழுதியவர்களின் வேலை. ஜெர்மனியில் லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்டே, 2004-இல் சைட்காம் என்ற ரவுட்டர் நிறுவனத்துக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். வாங்கியவரே கேட்க முடியுமா என்பதை ஒரு டிவி நிறுவனத்துக்கு எதிராக 2021-இல் கலிஃபோர்னியாவில் தொடுத்த வழக்கில் கன்சர்வன்சி எழுப்பியது.

நிறுவும் ஸ்கிரிப்ட்கள் விஷயத்தில் ஜெர்மனியின் ஏவிஎம் நிறுவனத்தின் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் நல்ல உதாரணம். தன் ஃபர்ம்வேரை மாற்றும் மென்பொருளை விற்ற இன்னொரு நிறுவனத்தை ஏவிஎம் தடுக்கப் பார்த்தது. ஜிபிஎல் உரிமத்தில் உள்ள பகுதிகளை மாற்றுவதைத் தடுக்க முடியாது என்று 2011-இல் பெர்லின் நீதிமன்றம் சொன்னது. பின்னால் எல்ஜிபிஎல் நிரலுக்கான நிறுவும் ஸ்கிரிப்ட்களைத் தரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் அதே ஏவிஎம் மீது வழக்குப் போட்டார். நிறுவனம் அவற்றைக் கொடுத்தது. இந்த வழக்கின் முடிவு 2025 ஜனவரியில் வெளியில் தெரிந்தது. ஒரே ஒரு ரவுட்டர் வாங்கிய ஒருவரால் அது நடந்தது.

படி 6: ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்ப்பது

நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் ரவுட்டருக்கான ஃபர்ம்வேர் கோப்பை இறக்கி, லினக்ஸ் கணினியில் பின்வாக் என்ற கருவியிடம் கொடுங்கள். சில நொடிகளில் கோப்புக்குள் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். வழக்கமாக முதலில் யுஇமேஜ் ஹெடர் (கோப்பின் விவரத் தலைப்பு), அடுத்து எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கிய கெர்னல், அதற்கு அப்பால் ஸ்குவாஷ்எஃப்எஸ் (சுருக்கிய கோப்புத் தொகுதி). அந்த ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில்தான் ரவுட்டரின் கோப்புகள் முழுவதும் உள்ளன. பிரித்தெடுக்கச் சொன்னால் ஒரு லினக்ஸ் கணினியின் அடைவுகளை, அதாவது ஃபோல்டர்களைப் போலவே விரியும்.

'பின்' என்ற பெயருள்ள அடைவைத் திறந்தால் பெரும்பாலான கட்டளைகள் பிஸிபாக்ஸ் என்ற ஒரே கோப்பைச் சுட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் (கோப்புக்குள் உள்ள எழுத்துகளை மட்டும் காட்டுவது) ஓட்டிப் பாருங்கள், பதிப்பு எண் எழுத்தாகவே இருக்கும். 'லிப்' என்ற அடைவுக்குள் 'மாட்யூல்ஸ்' என்பதைத் திறந்தால் கெர்னல் பதிப்பே அடைவின் பெயராக இருக்கும். நிறுவனம் தந்த மூலநிரலில் இந்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கொடுத்தது வேறு எதற்கோ உரிய நிரல்.

அதே இடத்தில் உள்ள மாட்யூல் (கெர்னலோடு சேர்ந்து இயங்கும் துணைப் பகுதி) கோப்புகளில் மோட்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால், ஒவ்வொன்றும் என்ன உரிமத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது என்று வரும். வைஃபை டிரைவரில் (சிப்பை இயக்கும் நிரல்) 'ப்ரொப்ரைட்டரி', அதாவது மூடிய உரிமம், என்று வருவதைப் பலமுறை பார்க்கலாம். பழைய கெர்னலிலேயே நிறுவனங்கள் தேங்கி நிற்பதற்கு இது பெரிய காரணம். மூடிய டிரைவர் எந்தக் கெர்னலுக்குத் தொகுக்கப்பட்டதோ அதில்தான் ஓடும், சிப் நிறுவனம் புதிதாகத் தராதவரை பெட்டி அங்கேயே நிற்கும். பாதுகாப்பு ஓட்டையும் மூடிய உரிமமும் கைகோர்க்கும் இடம் இதுதான்.

தனியுரிமைக்காக இன்னொரு தேடல்: முழு அடைவிலும் இணைய முகவரிகளைத் தேடுங்கள். நான்காம் படியில் வயர்ஷார்க்கில் பார்த்த பெயர் எந்த நிரலுக்குள் இருக்கிறது என்று தெரியவரும். அந்த நிரலுக்கு மூலம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்காது, ஏனென்றால் நிறுவனத்தின் சொந்த நிரல்களை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. கெர்னலைத் திறந்து காட்டிவிட்டு, கண்காணிக்கும் பகுதியை மூடியே வைத்திருக்கலாம். அது உரிம மீறல் ஆகாது. அதனால்தான் அடுத்த படி.

படி 7: ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றுவது

முதலில் அவர்களின் ஹார்டுவேர் பட்டியலில் உங்கள் மாடலும் பதிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். 4 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேரைச் சேமிக்கும் நினைவகம்), 32 எம்பி ரேம் உள்ளவற்றைக் கைவிட்டாயிற்று. 8 எம்பி, 64 எம்பியும் திணறும். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருந்தால் நிம்மதி. பிராட்காம் வைஃபை உள்ளவற்றைத் தவிர்ப்பது நல்லது, திறந்த டிரைவர் போதுமான அளவில் இல்லை. புதிதாக வாங்குவதென்றால் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், போய்விட்டுப் பார்க்காதீர்கள்.

இரண்டு வகைக் கோப்பு இருக்கும். நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறும்போது பொதுவாக ஃபேக்டரி என்ற கோப்பு, பிறகு மேம்படுத்தும்போது சிஸ்அப்கிரேட். சில மாடல்களுக்கு முறை வேறுபடும் என்பதால் உங்கள் மாடலுக்கான பக்கத்தைக் கடைசிவரை படியுங்கள். கோப்பை இறக்கியதும் அதன் ஷா256 எண்ணை (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பழைய செட்டிங்ஸ், பிபிபிஓஇ (இணைப்பு நிறுவனத்தில் உள்நுழையும் முறை) பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் (நெட்வொர்க் பிரிவின் எண்) எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இணையம் போன பிறகு அவற்றைத் தேட முடியாது. வழிமுறைப் பக்கத்தையும் கைபேசியில் சேமித்துவிடுங்கள்.

ரவுட்டரையும் கணினியையும் லேன் கேபிளில் இணைத்து, பழைய நிர்வாகப் பக்கத்தின் அப்டேட் பகுதியில் அந்தக் கோப்பைக் கொடுங்கள். வைஃபை வழியாகச் செய்யாதீர்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரமாக இருந்தால் யுபிஎஸ்ஸில் வையுங்கள். விளக்குகள் மினுக்கி அடங்கும்வரை கைவைக்காதீர்கள். எழுந்திருக்காவிட்டால் பல மாடல்களில் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் மீட்பு உண்டு: ரீசெட் பட்டனை அழுத்தியபடியே ஆன் செய்தால் ரவுட்டர் குறிப்பிட்ட ஒரு முகவரியில் கோப்பைத் தேடும். ஆர்ச்சர் சி7 தேடுவது 192.168.0.66. கணினிக்கு அந்த முகவரியைக் கொடுத்து, அதில் டிஎஃப்டிபி சர்வரை ஓடவிட்டு, ரவுட்டர் கேட்கும் பெயரில் கோப்பை வைத்தால் போதும். இதை முன்பே படித்துவைத்தவருக்குப் பயம் இருக்காது. வாரண்டி காலம் முடியாதிருந்தால் அதன் நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஏற்றிய அன்றே செய்ய வேண்டியவை

192.168.1.1-க்குப் போனால் லூசி என்ற நிர்வாகப் பக்கம் வரும். பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு காலி. உடனே பாஸ்வேர்டு வையுங்கள். உங்கள் ஓஎன்டியும் அதே 192.168.1.1-இல் இருந்தால் இரண்டும் மோதும். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலான மாடல்களில் வைஃபை அணைந்த நிலையில்தான் இருக்கும். ஆன் செய்யும் முன் நாட்டை இந்தியா என்றோ நீங்கள் இருக்கும் நாடு என்றோ அமையுங்கள். எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். 2016-இல் டிபி-லிங்க் அமெரிக்காவில் 2 லட்சம் டாலர் அபராதம் கட்டியது இந்தச் சக்தி வரம்பு விஷயத்தில்தான். அதற்காக அரசோடு செய்த சமரசத்தில் மாற்று ஃபர்ம்வேருக்கு இடம்கொடுப்பது பற்றி ஆராயவும் ஒப்புக்கொண்டது. விதியை மதித்தபடியே திறந்த ஃபர்ம்வேர் இருக்க முடியும்.

டிவி, கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்குத் தனி வைஃபை அமைத்து, அது வீட்டுக் கணினிகளைத் தொடாதபடி ஃபயர்வால் வையுங்கள். டிஎன்எஸ்ஸை மறையாக்க ஹெச்டிடிபிஎஸ்-டிஎன்எஸ்-ப்ராக்ஸி என்ற பொதியைச் சேர்க்கலாம். இணைப்பு நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த கேள்விகள் அதன் பிறகு நீங்கள் தேர்ந்த டிஎன்எஸ் நிறுவனத்துக்குப் போகும். நம்பிக்கையை இடம் மாற்றுகிறோம் என்பதைப் புரிந்துகொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தேர்ந்தெடுங்கள்.

பிறகு நான்காம் படியைத் திரும்பச் செய்து பாருங்கள். என்டிபியும் நீங்களே நிறுவியவையும் தவிர இரவு முழுக்க அமைதியாக இருக்க வேண்டும். வேகம் மட்டும் சில மாடல்களில் அதிவேக இணைப்பில் குறையலாம், நிறுவனத்தின் ஃபர்ம்வேர் பயன்படுத்தும் ஹார்டுவேர் முடுக்கம் எல்லாச் சிப்பிலும் கிடைப்பதில்லை. நான் அந்த வேகத்தை விட்டுக்கொடுப்பேன்.

முழுவதும் திறந்ததாகிவிடாது. ஏடிஹெச்9கே டிரைவரில் ஓடும் பழைய வைஃபை சிப்கள் தவிர, புதியவை பெரும்பாலும் சிப்புக்குள் ஏற்றும் மூடிய கோப்பு ஒன்றைக் கேட்கின்றன. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரேசிஎம்சி என்ற ஃபர்ம்வேர் உண்டு, ஆனால் அது ஓடும் சாதனங்கள் குறைவு. பெட்டியே திறந்ததாக வேண்டும் என்றால், 2024 நவம்பரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் ஓப்பன்டபிள்யூஆர்டியும் சேர்ந்து கொண்டுவந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டர் இருக்கிறது. தயாரித்தது பனானா பை, அறிமுக விலை 89 டாலர். முதன்மை ஃபிளாஷ் கெட்டாலும் மீள, தனியாக 16 எம்பி மீட்பு ஃபிளாஷும் அதற்கு மாற்ற ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார்கள்.

ஓஎன்டி வைத்திருப்பவர்களுக்கு

இணைப்பு நிறுவனத்திடம் பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஓஎன்டி ஃபைபரிலிருந்து லேனுக்கு மாற்றுவதை மட்டும் செய்யும், பிபிபிஓஇ உங்கள் ரவுட்டரில் ஓடும், வீட்டுச் சாதனங்களின் பட்டியல் ஓஎன்டிக்குத் தெரியாது. தர மறுத்தால் ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் ரவுட்டரின் வேன் போர்ட்டை அதன் லேனில் சொருகுங்கள். இரண்டு முறை நேட் (ஐபி முகவரி மாற்றம்) ஆகும், அன்றாடப் பயன்பாட்டில் பெரும்பாலும் தெரியாது.

கடை வைத்திருப்பவர்கள், கேபிள் இணைப்பு கொடுப்பவர்கள் சிலர் வாடிக்கையாளருக்காக ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றியே விற்கிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். நீங்களும் அப்படி விற்பவர் என்றால், விற்கிற நொடியில் நீங்களும் பரப்புகிறவர் ஆகிவிடுகிறீர்கள். ஏற்றிய பதிப்பின் மூலநிரலையும், நீங்கள் மாற்றியது ஏதும் இருந்தால் அதையும், தொகுக்கப் பயன்படுத்திய கான்ஃபிக் (அமைப்பு விவர) கோப்பையும் எடுத்துவையுங்கள். பெட்டியோடு ஒரு தாளில், மூன்று ஆண்டுகளுக்குள் யார் கேட்டாலும் தருகிறோம் என்று எழுதி, உங்கள் கடை முகவரியைப் போட்டுக் கொடுங்கள்.